கலைவாணனுக்கு நான் அடித்த பேனர்

செய்தி போனில் வந்தது. கலைவாணனின் தங்கை புவனா பேசினாள். "அக்கா, அண்ணன் போயிட்டான்க்கா. பேனர் ஒண்ணு வேணும்." இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அழுதாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். நெல்லிக்குப்பம் பக்கம் இப்போதெல்லாம் பாடை கட்டுவதற்கு முன்பே பேனர் கட்டிவிடுகிறார்கள். மஞ்சள் காமாலை என்று ஆஸ்பத்திரியில் படுத்தவன் தேறி வந்துவிடுவான் என்றுதான் நான் இருந்தேன். அழ உட்கார்ந்த இடமும் கடைக் கம்ப்யூட்டர் முன்னால்தான். பத்து மணிக்குக் கரண்ட் போய்விடும். அதற்குள் அவனுக்கு ஒரு பேனர் அடித்தாக வேண்டும். அதுவும் அவனுக்குப் பிடித்த மாதிரி.

அவனுக்குப் பிடித்தது எது என்று சிதம்பரத்தில் எங்களோடு கிராஃபிக் டிசைன் படித்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. செமஸ்டருக்குத் தண்ணீரைப் பற்றி போஸ்டர் செய்யச் சொன்னார்களே, ஞாபகம் இருக்கிறதா? நாமெல்லாம் காலிக்குடம், சொட்டும் குழாய், வெடித்த வயல், அழுகிற குழந்தை என்று அள்ளிப் போட்டோம். இவன் வெள்ளைத் தாளின் அடியில் ஒரே ஒரு சொட்டு வரைந்து நீட்டினான். தேர்வாளர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மீதிய எப்பப்பா முடிப்ப?" என்றார். "முடிச்சிட்டேன் சார்" என்றான். "அப்ப நானும் முடிச்சிட்டேன்" என்று அவர் மார்க்கைப் போட்டார். அரியர்! கேண்டீனில் நாம் அவனை ஓட்டி எடுத்தோம். அவனோ நிதானமாக டீயை ஊதிக்கொண்டே, "எடம் சும்மா கெடந்தா சனங்களுக்குப் பயமா இருக்கு ஷீலா" என்றான்.

சனி, ஞாயிறுகளில் அவனும் நானும் கடலூரில் ஒரு பிளெக்ஸ் கடைக்கு வேலைக்குப் போவோம். படிப்பு முடிந்ததும் வேறு போக்கிடம் இல்லாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டோம். வகுப்பில் படித்த எதுவும் அந்தக் கடையில் செல்லுபடியாகவில்லை. கல்யாணமோ காதுகுத்தோ, வருகிறவர்களுக்குப் பெரியப்பா வேண்டும், சித்தப்பா வேண்டும், மச்சான் வேண்டும், மச்சானோடு கிரிக்கெட் ஆடுகிறவனும் வேண்டும். கலை ஒவ்வொருவரோடும் மல்லுக்கட்டி ஒரு மூலையையாவது காலியாகக் காப்பாற்றுவான். எனக்கு அலுத்துப்போகும். "கேக்கறத போட்டுக் குடுத்துத் தொலையேன்டா" என்று கத்துவேன்.

ஒருமுறை அண்ணாகிராமம் பக்கம் ஒரு மஞ்சள் நீராட்டு விழாவுக்கு யாரையும் கேட்காமல் அவன் இஷ்டத்துக்கு ஒரு பேனர் செய்தான். பெண்ணின் படம் பெரிதாக, சொந்தக்காரர்கள் கீழே ஒரே வரிசையில் சின்னச் சின்னதாக. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வரிசையின் கடைசி முகம் தாய்மாமனுடையது. விழா நாளில் கடைக்குப் போன் வந்தது. நாங்கள் பைக்கில் ஓடினோம். வாசலில் டெம்போ நிற்கிறது, சீர்த்தட்டு ஒன்றுகூட இறங்கவில்லை. "மாமன் நானு. பந்தி பரிமாற வந்தவனாட்டம் கடைசில நிக்க வெச்சிருக்கீங்க. வண்டிய திருப்புடா!" என்று அவர் குதிக்கிறார். மணையில் உட்காரவேண்டிய பெண் கதவோரம் நின்று தேம்புகிறாள்.

கலை மாமனிடம் போகவில்லை. பெண்ணின் அம்மாவிடம் போனான். "அக்கா, இவர நான் எங்க வெச்சிருக்கணும்?" அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எம் பொண்ணு பக்கத்துல வையிப்பா. அவ அப்பா போனதுலேர்ந்து அவளுக்கு எல்லாமே எங்க அண்ணந்தான்" என்றாள். பிறகுதான் மாமனிடம் வந்து, "தப்பு என்னுது மாமா. கொஞ்ச நேரம் பொறுத்துக்கோங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டான். கடைக்கு ஓடி, மாமனைப் பெண்ணின் பக்கத்தில் வைத்து மாற்றி அடித்து வந்த பேனரைக் கட்டி முடித்ததும் அவர் அண்ணாந்து பார்த்தார். முதல் தட்டை அவரே தூக்கினார். திரும்பும் வழியில் கலை சொன்னான்: "டிசைன் தப்பில்ல ஷீலா. கேக்காம செஞ்சதுதான் தப்பு."

அன்றிலிருந்து யார் வந்தாலும் கேட்பான். "யாரு பக்கத்துல யார வெக்கணும்?" அவ்வளவுதான், வந்தவர்கள் குடும்பக் கதை முழுவதையும் கொட்டுவார்கள். ஓனர் தலையில் அடித்துக்கொள்வார். "என்னாப்பா இது, பேனர் கடையா, பஞ்சாயத்தா?"

இப்போது அவனுடைய பேனருக்கு வருகிறேன். அவன் சிரிக்கிற படம் ஒன்றை ஓரமாக வைத்தேன். கீழே பேர். மற்றதெல்லாம் வெள்ளை. அதற்குள் உங்களிடமிருந்து போன்மேல் போன். "என் போட்டோ மெயில்ல அனுப்பியிருக்கேன், கீழ போட்டுடு." ஒவ்வொருவரும் என்னிடம் திட்டு வாங்கினீர்கள். செத்தவன் பக்கத்தில் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு நிற்க உங்களுக்கு வெட்கமாக இல்லையா என்றுகூடக் கேட்டேன். கோபத்தில் கேட்டதுதான்.

அடிக்கக் கொடுப்பதற்கு முன் அவன் அம்மாவுக்குப் போன் செய்தேன். அவன் இருந்தால் கேட்டிருப்பான் என்பதால் மட்டும்தான். கலை படம் மட்டும் வைத்திருக்கிறேன் அம்மா, அவனுக்கு அப்படித்தான் பிடிக்கும் என்றேன். "அம்மாம் பெரிய பேனர்ல அவன் மட்டுமா?" என்றார். "ஆஸ்பத்திரில ஐசியூக்குள்ள என்னையே வுடல. அங்க தனியா கெடந்தது போதும்மா. எல்லாரையும் போடு. பக்கத்துல நீ நில்லு."

போட்டேன். உங்கள் அத்தனை பேரையும் போட்டேன், கூலிங் கிளாஸோடு. என் படத்தை அவன் தோளுக்குப் பக்கத்தில் வைத்தேன். விரல் வைக்க இடமில்லை. நான் செய்ததிலேயே மோசமான டிசைன் அதுதான். அவன் அம்மா அதன் கீழே உட்கார்ந்து ஒவ்வொரு முகமாகக் காட்டிப் பேர் கேட்டார். நீங்களும்தான் பார்த்தீர்கள்.

எனக்கு அலுப்பாக இருக்கிறது. கல்யாணத்தைவிட இப்போதெல்லாம் கண்ணீர் அஞ்சலிதான் ஜாஸ்தி வருகிறது. பேசாமல் அடித்துக் கொடுத்துவிடலாம் என்று தினமும் நினைக்கிறேன். நேற்று ஒருவர் மனைவியின் படத்தை மேஜையில் வைத்துவிட்டு, "ஏதோ ஒண்ணு போட்டுக் குடும்மா" என்றார். அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்த ஒரு கேள்விதான். "யாரு பக்கத்துலண்ணே வெக்கணும்?" என்றேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.