வெள்ளை அடித்த மரங்கள்

வீட்டிலிருந்து குளிக்கிற ஆற்றுக்கடவுக்கு இருபது நிமிட நடை. நடக்கப் பழகிய காலத்திலிருந்து நான் போய்வருகிற வழி. ஊர் உலகமெல்லாம் சுற்றியவன், வழி தவறியது அந்த இருபது நிமிடத்துக்குள்தான்.

காலை ஏழு மணி இருக்கும். தோளில் துவட்டத் தோர்த்து, கையில் சோப்புப் பெட்டி. வீட்டைத் தாண்டி தண்ணீர் ஓடும் சானல்கரையில் ஏறி, அந்தப் பக்கம் ரப்பர் மரங்கள் நட்ட விளைக்குள் இறங்கினேன். கொஞ்ச தூரம் போய் நிமிர்ந்தால் எதிரே ஒரு நீல வீடு. அதை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. நாய் குரைத்தது. ஒரு பெண் வந்து எட்டிப் பார்த்தாள். ஆறு எந்தப் பக்கம் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. முப்பது வருடம் வில்லேஜ் ஆபீசில் உட்கார்ந்து ஊரில் உள்ளவர்களின் விளைக்கெல்லாம் படம் வரைந்து கொடுத்தவன், யார் எல்லை எங்கே என்று சண்டைக்காரர்களுக்கு நடுவில் நின்று கைகாட்டியவன், ஆறு எங்கே என்று எப்படிக் கேட்பது? வீட்டை வாங்க வந்தவன்போல ஒருமுறை கூரையைப் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தேன். எப்படியோ வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டாவது தடவை மறைக்க முடியவில்லை. ஆற்றைத் தேடிப் புறப்பட்டவன் உதியன்குளங்கரை சந்திப்பில் போய் நின்றேன். நெடுஞ்சாலையில், தோர்த்தும் சோப்புப் பெட்டியுமாக, பாறசாலை பஸ்ஸைப் பார்த்தபடி. தெரிந்த ஒருவர் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டுவந்து வீட்டில் விட்டார். மனைவி வாசலில் நின்றாள். அவள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை மேய்த்தவள். ஒரு பார்வையிலேயே விஷயத்தைப் பிடித்துவிட்டாள்.

நெய்யாற்றின்கரையில் டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். தலைக்குள் சின்னதாக ஒரு ரத்தக்குழாய் அடைத்துத் திறந்திருக்கிறதாம். பேச்சுக்குக் குறைவில்லை, கணக்குக்குக் குறைவில்லை, கோபத்துக்குக் கொஞ்சமும் குறைவில்லை. வழி மட்டும் குழம்பும் என்றார். எனக்கு அது புரியவே இல்லை. ஒரு மனிதனுக்கு வழி மட்டும் எப்படிக் குழம்பும்? குழம்பியது நானா, ஊரா என்றே எனக்குச் சந்தேகமாக இருந்தது. சானல் திரும்பும் இடத்தில் நின்ற புளியமரம் இப்போது இல்லை. சாயாக்கடை இருந்த இடத்தில் மாடி வீடு. மண் கய்யாலை இருந்த இடமெல்லாம் சிமென்டு மதில். எதை வைத்து நான் திரும்புவேன்?

போதாததற்கு ஊர்ப்பழக்கம் ஒன்று. எதிரே வருகிறவர்கள் எல்லாரும், “எங்கோட்டு?” என்று கேட்பார்கள். அது வெறும் குசலம்தான், பதிலுக்கு யாரும் காத்து நிற்பதில்லை. ஆனால் எங்கே போகிறோம் என்று நிச்சயமில்லாதவனுக்கு அதைவிடக் கொடுமையான கேள்வி கிடையாது. “சும்மா இஞ்சோட்டு” என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது.

இனி தனியாகப் படி இறங்கக் கூடாது என்று மனைவி தீர்ப்புச் சொன்னாள். குளியலறையில் வாளித் தண்ணீரில் குளித்தேன். ஆற்றில் முங்கிப் பழகிய உடம்புக்கு அது குளிப்பாகவே தோன்றவில்லை. உள்ளதைச் சொன்னால், அப்படி இருந்த இரண்டு மாதமும் நான் அழுதேன். குளியலறையில் அதற்கு ஒரு வசதி உண்டு, யாருக்கும் தெரியாது.

மகள் லீவில் வந்தபோதுதான் இதற்கு ஒரு வழி பிறந்தது. அமெரிக்காவில் அப்பலாச்சியன் மலைகளின் அடிவாரத்தில் ஒரு ஊரில் அவளுக்கு வேலை. சனி, ஞாயிறு என்றால் காட்டுப்பாதையில் நடக்கப் போய்விடுவாள். நான் அங்கே மூன்று மாதம் இருந்தபோது ஒருநாள் என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். அது எனக்குத் தலையில் அடைப்பு வருவதற்கு முந்திய காலம்.

அந்தக் காட்டில் கொஞ்ச தூரத்துக்கு ஒரு மரத்தில், கண்ணுக்கு நேராக, வெள்ளைப் பெயின்டில் விரல் நீளத்துக்கு ஒரு பட்டை அடித்திருந்தது. முதல் மரத்தைப் பார்த்தேன். இரண்டாவதையும் பார்த்தேன். பத்தாவது மரம் வந்ததும் மகளின் கையைப் பிடித்துப் பாதையை விட்டு வெளியே இழுத்தேன்.

“என்னப்பா?”

“மக்கா, இதெல்லாம் வெலயான மரமாக்கும். எப்பம் வேணும்னாலும் சாய்ப்பான். அடியில நடக்கக் கூடாது.”

எங்கள் பக்கத்தில் மரத்தில் வெள்ளை அடித்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். தடி வியாபாரி வந்து பார்த்துப் பேசி முடித்துவிட்டார், ரம்பக்காரர் வரவேண்டியதுதான் பாக்கி. இவ்வளவு பெரிய காட்டை மொத்தமாக வாங்கின வியாபாரி யாராக இருக்கும் என்று நான் உண்மையிலேயே மலைத்து நின்றேன். மகள் பாதையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். பிறகு சொன்னாள். அந்த வெள்ளைதான் வழி. ஒரு பட்டை என்றால் நேரே போ. ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு பட்டை என்றால் வழி திரும்புகிறது, கவனி. “நீங்க முன்னால போங்கப்பா,” என்று என்னை முன்னே விட்டாள். மேடு ஏறி, பள்ளம் இறங்கி, கீழே பாறைகளுக்கு நடுவில் சலசலத்து ஓடிய ஆற்றங்கரை வரைக்கும் நான்தான் வழிகாட்டி. எதிரே வந்த ஒருவரும் எங்கோட்டு என்று கேட்கவில்லை. சிரித்துவிட்டுப் போனார்கள்.

அதையேதான் அவள் ஊரிலும் செய்தாள். பாறசாலைக் கடையில் வெள்ளைப் பெயின்டும் பிரஷும் வாங்கினாள். வழியில் உள்ள விளைக்காரர்களிடம் போய் அனுமதி கேட்டாள். நடுவிலுள்ள பெரிய விளையின் சொந்தக்காரர் திருவனந்தபுரத்தில் குடியிருப்பவர். அவர் போனிலேயே, “அதினெந்தா மோளே,” என்று மலையாளத்தில் சம்மதம் சொல்லிவிட்டார். இரண்டு நாள் அளந்து, ஓரத்தில் டேப் ஒட்டி, பிசிறில்லாமல் பட்டை அடித்தாள். எங்கள் வீட்டுத் தென்னையில் முதல் பட்டை. பெரிய விளையின் நடுவில், ஆற்றுக்குத் திரும்பும் இடத்தில் நிற்கிற அயனிமரத்தில் இரண்டு பட்டை. கடவுக்கு மேலே நிற்கிற மாமரத்தில் கடைசி.

ஆனால் மனைவி லேசில் சம்மதிக்கவில்லை. மூன்று பேரும் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டோம். காலையில் நான் தனியாகப் போகலாம். இனி ஒரு தடவை வழி தவறினால் அதோடு நிறுத்திவிட வேண்டும், பிறகு பேச்சே இல்லை. மகள் கையை நீட்டினாள். நான் அடித்துச் சத்தியம் செய்தேன்.

“நானாக்கும் சாட்சி,” என்றாள் மனைவி. “பின்ன மாத்திப் பேசினா நான் விடமாட்டேன், கேட்டியளா.”

மகள் அமெரிக்கா திரும்பினாள். நான் தினமும் ஆற்றுக்குப் போனேன். வெள்ளையைப் பார்த்து நடப்பேன், அடுத்த வெள்ளை தெரியும், மனதுக்குள் ஒரு ஆள் கைபிடித்துக் கூட்டிப்போவது போல இருக்கும். யாராவது எங்கோட்டு என்று கேட்டால், “ஆத்துக்காக்கும்!” என்று கேட்காத காதுக்கும் கேட்கும்படி சொல்வேன். நனைந்த தோர்த்தை மனைவி வாங்கிப் பிழிந்து கொடியில் விரிப்பாள். மாலையில் மகள் வீடியோவில் வந்து, “ஆறு வரைக்கும் போனீங்களா?” என்று கேட்பாள். “போனேன்” என்பேன். மழைக்காலம் தொடங்குவதற்கு முன்வரை இப்படியே போயிற்று.

ஒருநாள் காலையும் வெள்ளையைப் பார்த்துத்தான் நடந்தேன். சத்தியமாக ஒரு மரத்தைக்கூட விடவில்லை. பெரிய விளைக்குள் வெள்ளை நெருக்கம் நெருக்கமாக வந்தது. மகள் இத்தனை மரத்திலா அடித்தாள் என்று ஒரு யோசனை வந்தது. சரி, அப்பாவுக்கு இவ்வளவு வேண்டும் என்று நினைத்திருப்பாள். மரம் மரமாகப் போனேன். சந்தோஷமாகவே போனேன். கடைசியில் ஆறு வரவேண்டிய இடத்தில் ஒரு லாரி நின்றது.

“சாரே! எங்கோட்டு போறிய? மரம் சாயுத எடமாக்கும்!”

ரம்பத்தை நிறுத்திவிட்டு ஒருவர் ஓடிவந்தார். களியக்காவிளைப் பக்கத்துக்காரர், தடி வெட்டுகிறவர்களின் தலைவர். பெரிய விளைக்காரர் நாற்பது மரத்தை விற்றுவிட்டாராம். வியாபாரியின் ஆள் முந்தின நாள் வந்து வெள்ளை அடித்துவிட்டுப் போயிருக்கிறான். மகளுக்குக் கொடுத்த அனுமதியைச் சொந்தக்காரர் மறந்தே போயிருப்பார்.

நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார்.

“அதாக்கும் காரியம்! எங்களுக்கு உள்ளது நாப்பது. அடையாளம் அதுக்கும் கூடுதலா நிக்குது. எது எங்களுது, எது உங்களுதுன்னு ஆருக்குத் தெரியும்? சாரு ஒண்ணு வந்து காட்டித் தரணும்.”

இப்படி ஒரு சோதனை யாருக்கும் வரக்கூடாது. வழி தெரியாதவன் வழியைக் காட்ட வேண்டும். நான் வாயைத் தவறித் திறந்தால் ஒரு மரம் போகும், என் வழியும் அதோடு போகும். அவர் ஒவ்வொரு மரமாகக் கைவைத்துக் கேட்டார். ஓரம் பிசிறில்லாமல் இருந்தவை மகளுடையவை, வழிந்து கிடந்தவை வியாபாரியுடையவை. அப்படிச் சில மரங்களைச் சொல்லிவிட்டேன். கொஞ்சம் தைரியம்கூட வந்தது. அயனிமரத்தின் அடியில் வந்து நின்றோம். அதில் இரண்டு பட்டை. இரண்டிலும் பெயின்டு வழிந்திருந்தது. மகள் அடித்ததன் மேல் அவர்கள் மறுபடி அடித்தார்களா, அல்லது இது அந்த அயனியே இல்லையா? சுற்றிலும் பார்த்தேன். எல்லாப் பக்கமும் ஒரேபோல இருந்தது.

“இது... எங்களுது,” என்றேன்.

“இதாக்கும் சாரே இதுல உள்ள நல்ல தடி,” என்றார் அவர், வருத்தமாக. “மொதலாளிட்ட கேட்டுட்டு செய்யிலாம். ஒறப்பாட்டு உங்களுதுதானா?”

“தெரியாது,” என்று சொல்லிவிட்டேன். அந்தச் சொல் எப்படி வந்தது என்று தெரியவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு சானல்கரை வரைக்கும் கூடவே வந்து, வீடு தெரிகிற இடத்தில் விட்டுவிட்டுப் போனார்.

மணி பத்தைத் தாண்டியிருந்தது. மனைவி படியில் நின்றாள். அவள் என் தோளிலிருந்து தோர்த்தை எடுத்தாள். காய்ந்த தோர்த்து. கையில் எடுத்ததும் தெரிந்திருக்கும். ஒரு நிமிடம் அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு முற்றத்தில் இறங்கி, எப்போதும்போல உதறி, கொடியில் விரித்தாள்.

மாலையில் மகள் வீடியோவில் வந்தாள். “இன்னைக்கு ஆறு வரைக்கும் போனீங்களா?”

சத்தியம் செய்தவன் நான். பொய் சொன்னால் பாவம், உண்மை சொன்னால் நாளை முதல் வாளித் தண்ணீர். எதைச் சொல்வது என்று திகைத்து நிற்கையில் மனைவி போனைத் தன் பக்கம் திருப்பினாள்.

“போனாரு மக்கா. தோர்த்து நனைஞ்சாக்கும் வந்தாரு. நான்தானே பிழிஞ்சு விரிச்சேன்.”

போனை வைத்த பிறகு அவளைப் பார்த்தேன். சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

“ஏன் அப்படிச் சொன்ன?”

“சாட்சி நானில்லியா? நான் சொன்னதாக்கும் சாட்சி,” என்றாள். களைந்த தண்ணீரை ஊற்றிவிட்டு, “நாளைக்கு நானும் வாறேன். எனக்கும் ஆத்தைப் பாத்து நாளாச்சு. முட்டு வலி உண்டு, மெதுவா நடங்க. நீங்க முன்னால போங்க,” என்றாள்.

மறுநாள் நான் முன்னால் நடந்தேன். பின்னால் அவள் செருப்புச் சத்தம். பெரிய விளைக்குள் வெளிச்சம் அதிகமாக இருந்தது. வெட்டிய தடிகள் கிடந்தன. அயனிமரம் நின்ற இடத்தில் அகலமான அடிக்குற்றியும், சுற்றி ஈர மரத்தூளும் இருந்தன. திரும்புகிற இடம் இதுதானா? எந்தப் பக்கம் திரும்ப வேண்டும்? அங்கிருந்து பார்த்தால் வெள்ளை என்று எதுவும் கண்ணில் படவில்லை. திரும்பி அவள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

இடது பக்கம் நான்கு அடி வைத்தேன். பின்னால் செருப்புச் சத்தம் இல்லை. நின்றேன். தோர்த்தைச் சரிசெய்வதுபோல் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டு, வலது பக்கம் திரும்பி நடந்தேன்.

செருப்புச் சத்தம் பின்னால் வந்தது.