லாக்கருக்குள் எட்டு மணி நேரம்

ஒரு மனிதர் வேலை நேரத்தில் எட்டு மணி நேரம் அசையாமல் தூங்கினார் என்று சொல்லும் வரைபடத்தைக் கலர் பிரின்ட் எடுத்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டு, ஒரகடம் கார் கம்பெனி ஒன்றின் எச்.ஆர். மேஜையில் கொண்டுபோய் வைத்தவள் நான்தான். அதனால் இந்தக் குறிப்பில் நான் யாரையாவது திட்டினால், என்னையும் சேர்த்துத்தான் திட்டுகிறேன் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஸ்லீப் டெக்னீஷியன். குறட்டைக்காரர்களின் தலையில் ஒயர் ஒட்டி, விடிய விடிய அவர்கள் தூங்குவதைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்ததில் என் சர்வீஸில் பாதி போனது. கடைசி சில வருடங்கள் ஒரு மருத்துவக் கல்லூரியின் ஆய்வுத் திட்டத்தில் இருந்தேன். ஷிஃப்ட் வேலை செய்கிறவர்களின் உடல் கடிகாரம் எப்படிக் கெட்டுப்போகிறது என்று கண்டுபிடிப்பது திட்டம். வாராவாரம் ஏ, பி, சி என்று காலை, மதியம், இரவாக ஷிஃப்டை மாற்றினால் கெட்டுத்தான் போகும் என்று சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோ ஓட்டுபவரே சொல்லுவார். அவர் சொன்னால் ஜர்னலில் போட மாட்டார்கள், அவ்வளவுதான்.

1. கேன்டீனில் வகுப்பு

திட்டத்தின் தலைமை ஆய்வாளரை நாங்கள் பி.ஐ. என்போம். பெரிய டாக்டர். வெளிநாட்டு மாநாடுகளுக்குப் போய்வந்த அடையாள அட்டைகளைக் கழுத்துப் பட்டையோடு அறைச் சுவரில் மாட்டிவைத்திருப்பார். முதல் நாள் கம்பெனி கேன்டீனில் தொழிலாளர்களை உட்காரவைத்து அவர் வகுப்பெடுத்தார். இருட்டினால் மூளை மெலடோனின் சுரக்கும், அது தூக்கத்துக்கு உடம்பைத் தயார் செய்யும், வெளிச்சம் கண்ணில் பட்டால் சுரப்பது நின்றுவிடும் என்றார். அதுவரை எல்லாம் சரி. அப்புறம் அறிவுரைக்கு வந்தார். நைட் ஷிஃப்ட் முடித்து வீட்டுக்குப் போனதும் இருட்டான, குளிர்ச்சியான, சத்தமில்லாத அறையில் படுக்க வேண்டுமாம்.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

“டாக்டர், அந்த ரூமு எங்க கீது?”

கேன்டீன் முழுக்கச் சிரித்தது. டாக்டரும் சிரித்தார். அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார். எச்.ஆர். மேனேஜர் மட்டும் கை தூக்கி, ரொம்ப அக்கறையாக, “டாக்டர், அந்த மெலடோனின் மாத்திரைய நம்ம டிஸ்பென்சரிலயே ஸ்டாக் பண்ணிட்டா ப்ராப்ளம் சால்வ் ஆயிடுமா?” என்று கேட்டார். ஷிஃப்டை மாற்றுவதைத் தவிர மற்ற எதையும் செய்யத் தயாராக இருந்த மனிதர்.

கேள்வி கேட்டவர் பெயர் ஏழுமலை. மண்ணூர்க்காரர். தகர ஷீட் போட்ட வீடு, வாசலை ஒட்டி டிப்பர் லாரி போகும் ரோடு. பெயின்ட் ஷாப்பில் இன்ஸ்பெக்ஷன் வேலை. இரண்டு வருடமாக டிரெய்னி. அடுத்த மாதம் கன்ஃபர்மேஷன். அது வந்தால் பர்மனென்ட், வராவிட்டால் முப்பது வயதுக்கு மேல் வேறொரு கம்பெனியில் முதலிலிருந்து டிரெய்னி. வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்து பெயர் கொடுத்தார்.

“நைட்டு முட்சிட்டு போனா பகல்ல தூக்கமே வர்ல அக்கா. கண்ண மூடிகினு சும்மா படுத்துகினு கீறேன். இன்னா ஏதுன்னு பாத்து சொல்லுங்க.”

மற்ற இருபத்துநான்கு பேரும் அசெம்பிளி லைனிலிருந்து சூப்பர்வைசர் சொல்லி வந்தவர்கள். தானாக வந்தவர் இவர் ஒருவர்தான். பெயின்ட் ஷாப்பிலிருந்து வந்ததும் இவர் ஒருவர்தான்.

2. பட்டியல்

எல்லோருக்கும் வாட்ச் மாதிரி ஒரு கருவி கொடுத்தோம். கை அசைந்தால் விழிப்பு, அசையாவிட்டால் தூக்கம் என்று அது குறித்துக்கொள்ளும். விலை கூடிய மாடல் என்றால் கழற்றி வைத்திருப்பதையும் கண்டுபிடித்துவிடும். எங்களுடையது அப்படி இல்லை. மெலடோனின் அளக்க எச்சிலும் எடுத்தோம். லீவு நாள் சாயங்காலம் மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்து, அரை மணிக்கு ஒருமுறை பஞ்சு உருளையை மென்று டியூபில் போட வேண்டும். “கரன்ட் போச்சுன்னா எங்க வூடே லேபுதான் அக்கா” என்றார் ஏழுமலை. ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நான்தான் வீடு வீடாக அலைந்தேன். பி.ஐ. ஒரு வீட்டுக்கும் வரவில்லை. நானும் அத்தனை வீட்டுக்குப் போனேனே தவிர, ஷாப் ஃப்ளோருக்குள் ஒருநாள்கூடக் காலெடுத்து வைக்கவில்லை. பாஸ் வாங்குவது தொல்லை என்று விட்டுவிட்டேன். சோம்பேறித்தனம், வேறு காரணம் கிடையாது.

இரண்டு வாரம் கழித்து, வாட்ச்களிலிருந்து தரவை இறக்கினேன். மற்றவர்கள் படம் எல்லாம் கலைந்த பாய் மாதிரி இருந்தது. ஏழுமலையின் படம் அப்படி இல்லை. சி ஷிஃப்ட் வாரத்தில் இரவு முழுக்கத் தூக்கம். ஏ ஷிஃப்ட் வாரத்தில் காலையிலிருந்து மதியம் வரை தூக்கம். அது போக வீட்டில் வேறு தூக்கம். பி.ஐ.க்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“ஹைப்பர்சோம்னியாவா இருக்கலாம்மா. மிதமிஞ்சின தூக்க வியாதி. பேப்பருக்கு நல்ல கேஸ்!”

தூக்கம் வரவில்லை என்று சொல்லி வந்தவருக்கு மிதமிஞ்சின தூக்க வியாதி. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. பி.ஐ. அடுத்து, “இடைக்கால ரிப்போர்ட்ட டிபார்ட்மென்ட் வாரியா பிரிச்சுக் குடுத்துடுங்க, கம்பெனிக்கு யூஸ்ஃபுல்லா இருக்கும்” என்றார். பெயர் போடாமல் கோடு நம்பர் மட்டும் போட்டு, பிரித்துக் கொடுத்தேன். அசெம்பிளி: இருபத்துநான்கு பேர். பெயின்ட் ஷாப்: ஒருவர். அந்த வரியை என் விரல்தான் டைப் அடித்தது. ஒரே ஆள் இருக்கிற வரியில் பெயரை மறைத்து என்ன பிரயோஜனம் என்று யோசிக்க முப்பது வருட அனுபவம் தேவையில்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும்.

3. என்கொயரி

ரிப்போர்ட் கொடுத்த நான்காம் நாள் எச்.ஆர். அறைக்குக் கூப்பிட்டார்கள். மேஜைக்கு ஒரு பக்கம் எச்.ஆர். மேனேஜர், பி.ஐ., நான். எதிரே ஏழுமலை நின்றுகொண்டிருந்தார். நாற்காலி காலியாகத்தான் இருந்தது, உட்காரச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. மேஜை மேல் என் ஸ்பைரல் பைண்டிங்.

“ட்யூட்டி டைம்ல எட்டு மணி நேரம் தூங்கியிருக்கீங்க. ஒரு நாள் இல்ல, டெய்லி. இதுக்கு என்ன எக்ஸ்ப்ளனேஷன்?” என்றார் மேனேஜர்.

“நான் தூங்கல சார்.”

“டேட்டா பொய் சொல்லாதுப்பா. என்ன டாக்டர்?”

“டேட்டா ரொம்ப க்ளீனா இருக்கு” என்றார் பி.ஐ. தன் மாணவனைப் பாராட்டுகிற மாதிரி.

ஏழுமலை என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில்தான் எனக்குப் புத்தி வந்தது. “ஏழுமலை, கம்பெனிக்குள்ள வந்ததும் வாட்ச்ச என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டேன். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

“லாக்கர்ல வச்சிட்டுதான் போவேன் அக்கா. பெயின்ட் ஷாப்புக்குள்ள மோதிரமே போடக் கூடாது, கார் பாடில கீறல் வுழுந்துடும். தலைக்கு எண்ண வச்சிகினு போனாலே திருப்பி அனுப்பிடுவாங்க. வாட்ச்ச எப்டி கட்டிகினு போறது?”

“இத ஏன் முன்னாடியே சொல்லல?” என்று மேனேஜர் பாய்ந்தார்.

“யாரும் கேக்கலயே சார். தூங்கறத அளக்கத்தான வாட்ச் குடுத்தாங்க? இங்க நான் எங்க சார் தூங்கறேன்?”

அசெம்பிளியில் கை உறைக்குள் மறைத்து வாட்ச் கட்டிக்கொள்ள அனுமதி வாங்கியிருந்தோம். பெயின்ட் ஷாப்புக்கு யாரும் வாங்கவில்லை. “வாட்ச், மோதிரம், வளையல், பெல்ட் பக்கிள் தடை” என்ற நோட்டீஸ், மேனேஜர் தன் கையெழுத்தோடு ஒட்டியது, அவர் தலைக்கு நேர் மேலே சுவரில் இருந்தது. பெயின்ட் ஷாப் சூப்பர்வைசரைக் கூப்பிட்டார்கள். அவர் இன்ஸ்பெக்ஷன் ஷீட்டுகளைக் கொண்டுவந்து போட்டார். அந்த இரவுகளில் வெளியே போன ஒவ்வொரு பாடிக்கும் ஏழுமலையின் முத்திரை இருந்தது.

“சார், தூங்குனது வாட்ச்சு” என்றார் சூப்பர்வைசர். சொல்லிவிட்டு நிற்கவில்லை, லைன் நின்றுவிடும் என்று போய்விட்டார்.

அதோடு நான் வாயை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. ஜெயித்துவிட்ட திமிரில் அங்கேயே லேப்டாப்பைத் திறந்து, லாக்கரில் கிடந்த நேரத்தையெல்லாம் நீக்கி, திருத்திய படத்தைக் காட்டினேன். சி ஷிஃப்ட் வாரத்தில் அவருடைய உண்மையான தூக்கம் ஒரு நாளைக்கு மூன்றரை மணி நேரம், அதுவும் நாலைந்து துண்டாக. “பாருங்க சார், நீங்க வச்சிருக்கிற ஷிஃப்ட் இவர என்ன பண்ணுதுன்னு” என்றேன். இப்போதாவது இவர்களுக்குப் புரியும் என்று நினைத்தேன்.

மேனேஜருக்கு உடனே புரிந்தது. அவருக்குத் தோதான விதத்தில் புரிந்தது.

“மூணரை மணி நேரம் தூங்கற ஆள நைட்ல எப்படி மேடம் ஷாப் ஃப்ளோர்ல விடறது? சேஃப்டி இஷ்யூ ஆச்சே.”

பி.ஐ. பக்கம் திரும்பினேன். தூக்கத்தைப் பற்றி இத்தனை பேப்பர் எழுதியவர் ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தேன். சொன்னார்.

“மெடிக்கலி அவர் சொல்றது கரெக்ட்தாம்மா.”

தூங்கியதாகச் சொன்ன குற்றச்சாட்டைக் கைவிட்டார்கள். நைட் ஷிஃப்டுக்குத் தகுதியில்லை என்று எழுதினார்கள். மூன்று ஷிஃப்டும் பார்க்க முடியாதவருக்குக் கன்ஃபர்மேஷன் கிடையாது. எல்லாம் ஒரு வாரத்தில் முடிந்தது. கம்பெனி வழக்கமாக ஒரு ஃபேன் ரிப்பேருக்கு எடுத்துக்கொள்ளும் நேரம் அதைவிட அதிகம். பின்னால் ஜர்னலில் பேப்பரும் வந்தது. அதில் ஏழுமலை இல்லை, தரவு முழுமையாக இல்லையாம். நிர்வாகத்தின் ஒத்துழைப்புக்கு நன்றி மட்டும் மறக்காமல் போட்டிருந்தார்கள்.

4. கடைசி நாள்

வேலையை விட்டுப் போகும் நாளன்று ஏழுமலை கம்பெனி டிஸ்பென்சரியில் என்னைத் தேடி வந்து வாட்ச்சைக் கொடுத்தார். பட்டையை ஈரத் துணியால் துடைத்துக் கொண்டுவந்திருந்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. நானாக ஏதோ மன்னிப்பு மாதிரி ஆரம்பித்தேன். அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

“தூங்குனேன்னாலும் வெளிய, தூங்கலன்னாலும் வெளிய. சரி வுடுங்க. அசெம்பிளி பசங்க எவ்ளோ நேரம் தூங்கறாங்க அக்கா? உங்களுக்குத் தெரியும்ல?”

தெரியும். நாலு மணி நேரம், மூன்றே முக்கால், இரண்டு பேர் அவரைவிடவும் குறைவு. அவர்கள் ஒரே வரியில் இருபத்துநான்கு பேராக இருந்ததால் யார் யார் என்று மேனேஜருக்குக் கண்டுபிடிக்க முடியவில்லை. அதைச் சொன்னால் ஏழுமலைக்கு ஒரு நியாயம் கேட்கலாம். “தெரியும். ‘என்னை மாதிரிதான் எல்லாரும் தூங்கறாங்க’ன்னு நீங்க கேஸ் போட்டா, வந்து சொல்றேன்” என்றேன்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே பி ஷிஃப்ட் பஸ்கள் வந்து நின்றன. ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

“வாணாம் அக்கா. சொல்லிடாதீங்க. அவங்களையும் அனுப்பிடுவாங்க.”

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: கருவியைக் கொடுக்கும் முன் அவர் வேலை செய்யும் இடத்தில் ஒரு ஷிஃப்ட் நின்று பாருங்கள். ஒரே ஆள் இருக்கும் வரியை எவன் கேட்டாலும் கொடுக்காதீர்கள். திருத்திய கணக்கையும் யார் படிக்கப் போகிறார்கள் என்று பார்த்துவிட்டுக் காட்டுங்கள். பங்கேற்பவர்களின் ரகசியம் காக்கப்படும் என்று ஒப்புதல் படிவத்தில் கொட்டை எழுத்தில் அச்சடித்தது டாக்டரும் நானும். காப்பாற்றியது ஏழுமலை.