பொய் இளவரசன் போட்ட சிலுவை

நேற்று மகள் தன் பையனுக்குப் பள்ளி நாடகத்துக்காக மீசை ஒட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பசை வாசனை வந்ததும் என் மேலுதடு தானாகவே அரித்தது. நாற்பது வருஷத்துக்கு முந்தைய அரிப்பு.

அப்போது பாம்பனில் ரோட்டுப்பாலம் கிடையாது. எங்கள் பக்கம் ஒரு ராஜா படம் எடுக்க வந்தார்கள். செத்துப்போன ராஜாவின் மகன் என்று பொய் சொல்லி, அரியணை கேட்டுக் கடல் தாண்டி வருகிறவன் கதை. கதாநாயகருக்கு வள்ளத்தில் ஏறினாலே வாந்தி. அவருக்குப் பதிலாக அதில் அசையாமல் நிற்க ஓர் ஆள் தேடினார்கள். மீன்பிடிக்கிற எனக்கு வள்ளத்தில் நிற்பதைத் தவிர வேறென்ன தெரியும்? பேசச் சொல்லாதவரை எதையும் செய்வேன். கிரீடம், மீசை, பட்டு எல்லாம் மாட்டிவிட்டார்கள். கூட்டம் சேரக்கூடாதென்று ஆளில்லாத தீவில், சூரியன் என் முதுகுக்குப் பின்னால் வரும் நேரத்தில் எடுத்தார்கள். முகம் தெரியாது, கறுப்பு உருவம்தான்.

ஊரில் சொன்னால் யார் நம்புவது? நிமிர்ந்து பேசத் தெரியாதவன் ராஜாவாம்!

"ராசா வாராரு, வழி விடுங்கலே" என்பார் மாமன். அவர் மகள் ரீத்தாவைத்தான் எனக்குப் பேசியிருந்தது. ஒருநாள் சிரிக்காமலே சொன்னார்: "ஏலே, பொய் சொல்றவனுக்கு எம் பொண்ணு கெடையாது."

படம் ராமநாதபுரத்துக்கு வந்ததும், என் பொய்யைப் பார்க்க ஊரே ரயிலேறியது. கொட்டகையில் நான் என் கால்விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அலைச் சத்தம் கேட்டது. முன் பெஞ்சில் மாமன் எழுந்து நின்றார்.

"ஏலே, சிலுவ போடுறான்லே! நம்ம பயதான்லே!"

நிமிர்ந்தேன். வள்ளம் கரை தட்டியதும் நெற்றி, மார்பு, தோள் தொட்டுச் சிலுவை போட்டுக்கொள்வது வேதக்காரர்களான எங்கள் கைப்பழக்கம். கிரீடத்தோடும் போட்டிருக்கிறேன்! அன்று டைரக்டர் "ராஜ வணக்கம் பிரமாதம்" என்று முதுகில் தட்டியது ஏனென்று அப்போதுதான் விளங்கியது.

"ராசாவுக்கு எப்பலே ஞானஸ்நானம் குடுத்தாக?" என்று யாரோ கத்த, கொட்டகை குலுங்கியது. முதல் விசில் பெண்கள் பக்கமிருந்து வந்தது. ரீத்தாதான். மாமன் ஆட்களைத் தாண்டி வந்து என் தோளில் கை போட்டார். "வாங்க மருமகனே, சோடா குடிப்போம்." என்னை அவர் 'வாங்க' என்றது அதுதான் முதல் தடவை. ஊர்க்காரர்கள் எல்லோரும் எங்கள் பின்னாலேயே எழுந்து வந்துவிட்டார்கள். பொய் இளவரசனுக்கு அரியணை கிடைத்ததா என்று எங்கள் ஊரில் இன்றும் யாருக்கும் தெரியாது.

கொட்டகை இப்போது துணிக்கடை. வள்ளம் தட்டிய மணலைக் கடல் எடுத்துக்கொண்டது. மாமனும் இல்லை. போன வருஷம் அந்தப் படத்தை டிவியில் போட்டார்கள். என் காட்சியை மட்டும் வெட்டியிருந்தார்கள். ரீத்தா எழுந்து டிவியை அணைத்தாள்.

"அதான் நாங்க பாத்துட்டோம்ல. இவுக காட்டாட்டி என்ன?"

இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தாள். முன்பல் ஒன்று போய்விட்டதால் பாதி காற்றுதான் வந்தது. எனக்கு அதுவே கொட்டகை நிறையக் கேட்டது.