மிளகாய்ப்பொடி டப்பாவில் காப்பி

தன் வீட்டில் சேமித்துவைத்த காப்பிக் கொட்டை ஏழு வருஷம் மணக்கும் என்பாள் ஜிம்மா நகரத்து அஸ்காலு. ஏழு கொஞ்சம் அதிகம்தான் என்று அவளே ஒத்துக்கொள்வாள். சேமிப்பது பச்சைக் கொட்டையைத்தான்; விருந்தாளி முன்னால் வறுத்து, புகையை முகரக் கொடுப்பதுதான் அந்த ஊர் மரியாதை. அன்று துணி துவைத்தே இடுப்பு விட்டுப்போனதால், காலையில் வறுத்ததில் பாதியை மிளகாய்ப்பொடி டப்பாவில் ஒளித்துவைத்து, சாயங்காலம் அதையே இடித்துக் காய்ச்சினாள். தெரிந்தால் மானம் போகும்.

பக்கத்து வீட்டு வுடே கோப்பையை முகர்ந்தாள். "புகை எங்கக்கா?"

"நீ வர்றதுக்குள்ள வறுத்துட்டேன்டி. என் கொட்டை வறுத்தாலும் ஏழு மாசம் தாங்கும்."

வுடே ஒரு வாய் குடித்துவிட்டு இருமினாள். "சட்டியக் குடு, நான் வறுக்கிறேன். நீ படு. அப்புறம், ஏழு மாசம் இல்லக்கா, ஏழு மணி நேரம். அதுவும் காரமா."