குழுவில் மிஞ்சிய ஒருவர்

ஆயிரம் பக்க நாவலை நூறு நாளில் சேர்ந்து வாசிக்க வாட்ஸ்அப்பில் குழு தொடங்கினேன். பாதியில் எல்லோரும் கழன்றுகொண்டார்கள், காசிமேட்டில் மீன் ஏலம் விடும் ஓர் அம்மாவைத் தவிர. நேரில் போனேன். செதில் ஒட்டிய மூக்குக்கண்ணாடியுடன், ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து உதடசைய வாசித்துக்கொண்டிருந்தார்.

"குழுவைக் கலைச்சிடலாம்மா. யாருமே படிக்கல."

"நான் படிச்சிக்கினுதான கீறேன்? கதையில அந்தப் பொண்ணு ஜெயில்ல கீது. அத்த அங்கியே வுட்டுட்டுப் போயிடுவியா நைனா?"

நானே பத்து நாளாகப் புத்தகத்தைத் தொடவில்லை. வெட்கத்தோடு, திரும்பும் ரயிலிலேயே விட்ட பக்கத்தைப் பிரித்தேன்.

நூறாம் நாள் முடித்துவிட்டு அவரை அழைத்தேன். பின்னால் படகு எஞ்சின் சத்தம் கேட்டது. அழுகையோடு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அடுத்த புக்கு இன்னா?" என்றார்.

கதையில் அந்தப் பெண் விடுதலையாகிவிட்டாளே, அவர் ஏன் அழுதார் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.