திருமழிசையில் ஒரு பந்தயக் குதிரை

திருமழிசையில் எங்கள் பேருந்து பஞ்சராகி நிற்கிறது. தொழிற்பேட்டை வாசலில், இரும்புக் கம்பி ஏற்றிய வண்டியில் உயரமான குதிரை ஒன்று பூட்டப்பட்டிருக்கிறது. பாரம் இழுக்கிற கால்களாகத் தெரியவில்லை. வண்டிக்காரரிடம் கேட்கிறேன்.

“ரேஸ் வண்டி இஸ்த்த குதிரை சார். போன வருசம் இதான் ஃபர்ஸ்ட்டு. பந்தயத்துக்குப் பஞ்சாயத்துல குடுத்துகினு இருந்த மானியத்த நிறுத்திட்டாங்கோ. பந்தயமும் நின்னு பூட்ச்சி.”

“வேறு மானியம் எதுவும் இல்லையா?”

“கீது. குதிரைய வித்துட்டேன்னு எழுதிக் குடுத்தா, ஆட்டோ வாங்கறதுக்குத் தர்றாங்களாம்.”

சக்கரம் மாற்றிய பேருந்தின் பின்படியில் ஏறிக்கொள்கிறேன்; அது உறுமிக் கிளம்புகிறது. குதிரை காதுகளை விடைத்துக்கொண்டு, பாரத்தோடு பேருந்தின் பின்னால் பாய்கிறது. கம்பிகள் சாலையில் சரிகின்றன. வண்டிக்காரர் கடிவாளத்தைப் பிடித்துத் தொங்கி நிறுத்துகிறார்.

“யாரு பாக்கறதுக்குடா ஓடற?” என்று அதன் முகத்தில் ஓங்கி அறைகிறார்.