பிஸ்கட் டப்பாவில் வளர்த்த பாம்பு

சுதந்திரம் வந்து ஆறேழு வருடம் இருக்கும். அஞ்சாம் வகுப்போடு என் படிப்பை நிறுத்தி, அய்யாவும் அம்மாவும் என்னைக் குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்துக்குக் கூட்டிப்போனார்கள். ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோரில் அடுப்பெரிக்கிறது அய்யாவின் வேலை. அம்மாவும் நானும் மற்றப் பெண்களோடு உட்கார்ந்து, காய்ந்த காயைத் தேய்த்துக் காம்பு நீக்கி, பெரிசு சிறிசு பிரிப்போம். எனக்கு யாரிடமும் வாய் வராது. ஆம்பளைகள் வந்தால் முறத்துக்குள் முகத்தை வைத்துக்கொள்வேன்.

"இவளக் கட்டிக்கிறவனுக்குக் காதே வேணாம்டி" என்று பக்கத்தில் உட்காரும் அத்தை கேலி செய்வாள்.

ஒருநாள் காலையில் ஸ்டோர் மூலையில் கிடந்த பழைய சாக்கை இழுத்தேன். கட்டை விரலில் சுருக்கென்றது. சாக்கு மடிப்பில் ஒரு குட்டிப் பாம்பு. காப்பிக்கொட்டை நிறத்தில் வெள்ளை வெள்ளையாய் வளையம். கட்டுவிரியன் என்றுதான் நினைத்தேன். கத்தியிருக்க வேண்டும். கத்தினால் ஸ்டோரே கூடும், கங்காணி வருவார், எல்லாரும் என்னையே பார்ப்பார்கள். விரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு முறத்தின் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். கண் இருட்டும், நாக்குக் குழறும் என்று காத்திருந்தேன். மத்தியானம் கஞ்சி வந்தது, குடித்தேன். பொழுது சாய்ந்தது. ஒன்றும் ஆகவில்லை. விரியனைப் போலவே இருக்கிற, விஷமில்லாத வேறு சாதிப் பாம்பு அது என்று வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. அன்றைக்கோ, என்னைக் கொல்லாமல் விட்டதே என்று அதன்மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது.

மறுநாளும் அதே சாக்கில்தான் கிடந்தது. துணியால் பிடித்து பிஸ்கட் டப்பாவில் போட்டேன். மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு, எங்கள் வீட்டுக்குப் பின்னால் விறகு அடுக்கில் செருகிவைத்தேன்.

பாம்பென்றால் பால். எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தவழ்கிற வயசில் இருந்த என் தம்பிக்கென்று கறந்த ஆட்டுப்பாலில் தினம் ஒரு சங்கு திருடி உள்ளே வைப்பேன். மறுநாள் பால் திரிந்து, எறும்பு மொய்த்துக் கிடக்கும். பாம்பு வற்றிக்கொண்டே வந்தது. பால் போதவில்லையோ என்று இன்னும் கொஞ்சம் வைத்தேன். ஒருநாள் மூடியைத் திறக்கையில் விறகிலிருந்து ஒரு பல்லி உள்ளே விழுந்தது. பாம்பு அதைக் கவ்விச் சுருட்டிக்கொண்டது. அன்றிலிருந்து பல்லி பிடித்துப் போட்டேன். உடம்பு தேறி, என் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டு கிடக்கும். அதனிடம் மட்டும் நிறையப் பேசினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, விறகெடுக்கப் போன அம்மா டப்பாவைத் திறந்துவிட்டாள்.

"அய்யோ, கட்டுவிரியன்! புள்ள தவழுற எடமாச்சே!"

அக்கம்பக்கம் ஓடிவந்தது. கங்காணி கம்போடு வந்தார்.

"பாம்பு தானாப் போயி உள்ள உக்காந்து மூடிக்கிருச்சாக்கும். எவளோ செய்வினை வச்சிருக்கா" என்றாள் அத்தை.

அய்யா என் பக்கம் திரும்பினார். "ஏத்தா, இந்த டப்பா ஒனக்குத் தெரியுமா?"

இது என்னைக் கடித்தது, எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இதைச் சொல்லியிருந்தால் போதும், காட்டில் கொண்டுபோய் விட்டிருப்பார்கள். வாயைத் திறந்தேன். எல்லாக் கண்ணும் என்மேல் இருந்தது. தெரியாது என்று தலையை ஆட்டினேன்.

"வெரசா அடிங்கண்ணே, வெறகுக்குள்ள பூந்துரப் போகுது" என்று அம்மா அலறினாள்.

அது எங்கும் போகவில்லை. மூடி திறந்தால் பல்லி வரும் என்று பழகிப்போய், டப்பா விளிம்பில் தலையை வைத்துக் காத்திருந்தது. கங்காணி இரண்டு அடி அடித்தார்.

செய்வினைப் பேச்சில் நடுங்கிப்போயிருந்த அம்மா, தோஷம் ஒட்டக் கூடாதென்று, தம்பிக்கு வைத்திருந்த பாலை அப்படியே கொண்டுவந்து அதன்மேல் ஊற்றினாள். பிறகு எரித்தார்கள். தம்பி பாலுக்கு அழுதுகொண்டே இருந்தான்.

மறுநாள் ஸ்டோரில் பெரிய காயையும் சின்னக் காயையும் ஒரே குவியலில் போட்டுக்கொண்டிருந்தேன்.

"என்னடி ஆச்சு ஒனக்கு?" என்றாள் அத்தை.

"ஒண்ணுமில்லத்தே" என்றேன்.